நண்டு வளை

கண்ணில் சொட்டு விட்டு
முக்கால் மணி நேரம் மூடி உட்காரச் சொன்னார்கள்.
முதல் சொட்டு எரிந்தது. இரண்டாவது
இறங்கி வந்து தொண்டையில் கசந்தது.
பக்கத்து நாற்காலிகளில் எல்லாம் அறுபது வயதுச் சர்க்கரை.
எனக்கு இருபத்தாறு. ஒன்பதாம் வயதில் வந்தது.
"துணைக்கு வந்தியா மோளே?" என்றார் ஒருத்தர்.
"இல்ல, எனக்குத்தான்."
வேறு பஸ்ஸில் ஏறிவிட்டவளைப் போலப் பார்த்தார்.

நாடியை வைத்தேன். வெளிச்சம் வெடித்தது.
அறை முழுக்க ஓர் ஊதா வட்டம்
நான் பார்த்த பக்கமெல்லாம் கூடவே வந்தது.

திரையில் என் விழித்திரை:
பழுத்த கொல்லாம்பழ நிறம்.
ஓரத்தில் மஞ்சளாய் ஒரு மதகு,
அங்கிருந்து பிரிகிற கால்கள், கிளைக்கால்கள்,
வாமடை வரைக்கும்.

டாக்டர் பெல்சிட்டா பேனா முனையால் தொட்டார்:
"இங்க ஒண்ணு. இங்க. இது மூணாவது.
நுண்ணிய ரத்தக்குழாய், சுவர் கொஞ்சம் புடைச்சிருக்கு.
ஆரம்பம்தான். பார்வைக்கு இப்ப ஒண்ணும் இல்ல, கேட்டியா.
சர்க்கரையைக் குறை. ஆனா ஒரேயடியா இறக்காத.
ஆறு மாசத்துல வா."

நான் பட்டணங்காலில் லஸ்கர்.
அப்பா இறந்து கிடைத்த வேலை.
ஷட்டர் சாவி, மண்வெட்டி, பையில் இன்சுலின் பேனா.
அணையில் திறந்துவிட்ட மறுநாள்
ஊரே தண்ணீரைப் பார்க்கும்.
நான் கரையின் வெளிச்சரிவைப் பார்ப்பேன்.
புல்லுக்கிடையில் காசு அகலத்துக்கு ஈரம்.
நண்டு வளை.
அதை உடைப்பு என்று எழுதினால் ஏ.இ. சிரிப்பார்.
எழுதாமல் விட்ட வருஷம்
செல்லையனின் விளையில்
வாழை இருநூறு மூடு போனது.

"நண்டு வளை மூணு" என்றேன்.
டாக்டருக்குப் புரியவில்லை.
சீட்டில் வேறு பெயர் எழுதினார்.

வெளியே வெயில் கண்ணுக்குள் வந்து கத்தியது.
பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே கை நடுக்கம்.
மெஷினை எடுத்து விரலைக் குத்தினேன்.
சத்தம் கேட்டது, எண் தெரியவில்லை.
தூரத்தில் 'கருங்கல்' என்ற போர்டு தெரிகிறது,
உள்ளங்கையில் இருப்பது தெரியவில்லை.
பக்கத்தில் ஒரு யூனிபார்ம் பையன்,
ஏழாம் கிளாஸ் இருக்கும், கையில் புரோட்டா பார்சல்.
"தம்பி, இது எவ்வளவு?"
"அறுபத்தொண்ணு." முகம் மலர்ந்து,
"பர்ஸ்ட் கிளாஸ்க்கா!"

சீனிப் பொட்டலத்தைக் கிழித்து வாயில் கொட்டினேன்.
சிரிப்பு வந்து பாதி துப்பட்டாவில் சிந்தியது.
"இதுல நூறு எடுக்கணும்டே."
"இருநூறு எடுத்தா?"
"பெயில்."
யோசித்தான். "நாளைக்கு எத்தனை பரீட்சை?"
"ஆறு."
"ஐயோ அக்கா" என்றான்,
பார்சலை அக்குளில் இடுக்கிக்கொண்டு
நடுக்கம் நிற்கும்வரை நின்றான்.
அவன் பஸ் ஒன்று போய்விட்டது.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
எங்கோ பாலத்தில் ஏறி இறங்கினோம்;
தண்ணீர் வெறும் பிரகாசமாய், கரையே இல்லாமல்.
மடியில் ஆபீஸ் நோட்டு.
கை போன போக்கில் எழுதினேன்:
மூன்று இடம். உடைப்பு இல்லை.
ஆறு மாசம் தள்ளி ஒரு தேதி.
எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிருக்கும்.
நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.