பதினோராம் இடம்

தொடக்கத்தை எழுத எல்லாருக்கும் தெரியும்.
வரி, சுரம், வாத்தியத்தின் எண், ஒலியளவு.
முடிவைப் பலர் எழுதுவதே இல்லை.
அடுத்த சுரம் வந்து
இருப்பதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்
என்று விட்டுவிடுகிறார்கள்.

சென்யா எழுதுவாள்.
நூர்மெஸ் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் கை.
மூன்று கூரைக்குறி போட்டால்
சுரம் அந்த வரியிலேயே அறுந்துவிடும்,
'ப்' என்று உதடு மூடுவதுபோல.
சில சமயம் டிக்கென்று ஒரு சத்தம்,
அது கத்தரியுடையது.

மூன்று சமக்குறி போட்டால்
விரலை எடு என்று அர்த்தம், அவ்வளவுதான்.
எடுத்த பிறகும் கொஞ்சம் இருக்கும்.
'பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள்,
கடைசி உகரம் உதடுகூடக் குவியாமல்
அரை மாத்திரையில் நழுவுகிறதே,
அந்த அளவு.

ஓஸ்மோவுக்கு மூன்று அலைக்குறிதான் பிடிக்கும்.
மெல்லக் கரையவிடுவது.
டிரம்முக்குக்கூடப் போடுவான்.
கோட்காத் துறைமுகத்துக்காரன், வேறென்ன செய்வான்.

இருவரும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.
ஒரே பாட்டு
பிளாப்பியில் ஏறித் தபாலில் போய்வந்தது ஏழு மாதம்.
பேச்செல்லாம் வாத்தியங்களின் பெயர் எழுதும் கட்டத்தில்.
இருபத்தைந்து எழுத்துக்கு மேல் ஏறாது.
*மீன் வெட்டுகிறாயா நீ*
என்று அவன் மூன்றாம் வாத்தியத்தில்.
*ஈரம் சொட்டுகிறது, துடை*
என்று அவள் நான்காவதில்.

ஏழாம் வாத்தியம்
தபால் நிலைய ஹீட்டரின் முனகல்.
இரவுப் பணியில் அவளே பதிவு செய்தது.
இரண்டு ஆக்டேவ் கீழே இறக்கினால்
ஏரிக்கு அடியில் லாரி போவது போலிருக்கும்
என்று ஓஸ்மோ சொன்னான்.
அவள் இறக்கினாள்.
அவளுடைய சின்ன ஸ்பீக்கரில் அதற்குப் பிறகு
அது கேட்கவே இல்லை.
கேட்காததை நம்பி விட்டுவிட்டாள்.

ஜூலை. யோயென்சூ ஐஸ் ஹாக்கி அரங்கம்,
பனி கிடந்த இடத்தில் பலகை.
முந்நூறு கணினிகள், தூங்காத முந்நூறு பேர்,
ஆளுயர ஸ்பீக்கர் எட்டு.
பத்தொன்பதாவதாக அவர்கள் பாட்டு.

நன்றாகத்தான் போனது.
கடைசியில் சென்யா ஒரு வெற்றுப் பக்கம் வைத்திருந்தாள்,
அறுபத்து நான்கு வரி,
ஒன்றிலும் ஒன்றுமில்லை,
அமைதிக்காக.

அந்த வெற்று வரிகள் ஒவ்வொன்றாக மேலே ஏற
அரங்கின் தரையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

சமக்குறி போட்டிருந்தாள். போட்டது நினைவிருக்கிறது.
விரல் எடுத்தாகிவிட்டது.
ஆனால் கரையும் வேகம் என்ற கட்டத்தில்
சுழியம்.
எடுத்த விரலுக்குக் கீழே
சுரம் போக வழியின்றி நின்றது.
கைதட்ட உயர்ந்த கைகள் பாதியில் நின்றன.
யாரோ ஒருவனின் பெப்சி டின்
மேசைமேல் தானாக நகர்ந்தது.
ஒலிப்பலகையில் இருந்தவன்
இருபது நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு
கட்டையை இறக்கினான்.
பிறகுதான் கைதட்டல்.

தைரியமான முடிவு என்றார் நடுவர்களில் ஒருவர்.
இன்னொருவர் எழுதிய மதிப்பெண்ணைப் பார்த்தால்
அப்படித் தெரியவில்லை.
பதினோராம் இடம்.

மூன்று மணிக்கு வெளியே நல்ல வெயில்.
தொத்திறைச்சி வரிசையில் அவளுக்குப் பின்னால்
நெட்டையாக ஒருவன், காதில் பஞ்சு.
"சுழியம் வைத்தது நான்.
மார்ச்சில். சோதித்துப் பார்க்க. மாற்ற மறந்துவிட்டேன்."
கடுகுக் குழம்பை அவளே முதலில் எடுத்தாள்.
"தெரியும்" என்றாள்.
தெரியாது.

திங்கட்கிழமை கோட்காவுக்கு ஒரு உறை போனது.
பிளாப்பியில் அதே பாட்டு.
கூரைகள் அப்படியே, அலைகள் அப்படியே.
ஏழாம் வாத்தியத்தின் கட்டத்தில் சுழியம்,
பெயர் எழுதும் இடத்தில்
*இதை மட்டும் தொடாதே.*