எட்டாவது முறை

லடிப்போ சந்தையில்
பழைய ஷாக் அப்சார்பர் விற்கிறேன்.
பெல்ஜியத்தில் யாரோ ஓட்டித் தேய்த்தது
லாகோஸுக்குக் கப்பலேறி வரும்.
துடைத்து எண்ணெய் பூசி
புதுசு மாதிரி என்பேன், புதுசு என்று சொல்லமாட்டேன்.
என் முழங்கால்களும் அந்த வகைச் சரக்குதான்.

பக்கத்துக் கடை ஒஸித்தா கேட்கிறான்:
"போன வருஷம் ஓடின அதே ரோடு, அதே வெயில்.
பரிசும் எப்படியும் கென்யாக்காரனுக்குத்தான்.
மறுபடி எதுக்கு இஃபெடியோரா?"
பதில் தெரிந்திருந்தால்
ஓடாமல் இருந்திருப்பேனோ என்னவோ.

பிப்ரவரி. சுருலேரே மைதான வாசலில்
இன்னும் விடியவில்லை.
பாலைவனத்துத் தூசி தெருவிளக்கைச் சுற்றி
மஞ்சளாக நிற்கிறது.
ஜெனரேட்டர் புகை, தைல வாசனை.
யாரோ உரக்க ஜெபிக்கிறார்,
ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக.
துப்பாக்கி வெடிப்பதற்குள்
இரண்டு முறை ஒன்றுக்குப் போகவேண்டும் எனக்கு.
இந்த ஒன்றில் மட்டும்
எந்த வருஷமும் நேரம் தவறியதில்லை.

பாலம்.
தூரத்துக்குப் பயந்தவர்கள் அதன் நடுவில்தான் அழுவார்கள்.
கீழே காயலில்
கழி ஊன்றி நிற்கும் மகோகோ வீடுகள்.
மீன் வாட்டும் புகை மேலே ஏறிவந்து
முகத்தில் முட்டும் இடத்தில்
பச்சைத் தொப்பிக்காரி என்னைத் தாண்டுவாள்.
தண்ணீர்ப் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்து
பாதி வாய்க்கு, பாதி பிடரிக்கு.
பேர் தெரியாது.
முதல் வருஷம் எரிச்சல்.
மூன்றாம் வருஷம் "வந்தாச்சா" என்றேன்.
ஐந்தாம் வருஷம் மிச்சப் பாதியை
என் தலையில் கவிழ்த்துவிட்டுப் போனாள்,
கடன் தீர்ப்பவள் மாதிரி.
அதன்பின் சந்தையில் யார் பச்சைத் தொப்பி போட்டிருந்தாலும்
திரும்பிப் பார்க்கிறேன்.
மனைவிக்கும் தெரியும். சிரிப்பாள்.

இந்த வருஷம் புகை வந்தது,
அவள் வரவில்லை.

வேகத்தைக் குறைத்தேன்.
அவிழாத லேஸை அவிழ்த்துக் கட்டினேன்.
விறகு ஏற்றிய தோணியொன்று
பாலத்தின் இந்தப் பக்கம் நுழைந்து
அந்தப் பக்கம் வெளியே வரும்வரை நின்றேன்.
காய்ச்சலா. வேலை போய்விட்டதா.
முன்னாலேயே போய்விட்டாளா.
அல்லது.
கெட்டதை நினைக்கும் வேகத்தில் கால் ஓடியிருந்தால்
கென்யாக்காரனை முந்தியிருப்பேன்.

பக்கத்தில் இரைக்க இரைக்க ஒரு குரல்:
"என்னாச்சு? கால் பிசகா?"
நரைத்த தாடி, கிழிந்து தைத்த பனியன்.
பார்த்த ஞாபகமே இல்லை.
"வருஷா வருஷம் இங்க வந்துதான்
நீங்க என்னைத் தாண்டிப் போவீங்க.
இப்ப நான் உங்களைத் தாண்டணும்னா
ஒரு மாதிரியா இருக்கு."

திஜானி. முஷினில் தையல் கடை.
ஏழு வருஷமாக என் முதுகைத் தெரியுமாம்.
"இடது தோள் இறக்கம் உங்களுக்கு.
சட்டை தைச்சா அந்தப் பக்கம்
அரை இஞ்ச் பார்த்து வெட்டணும்."

சேர்ந்து ஓடினோம் என்று சொல்லமுடியாது.
நிற்க ஒருவர் வெட்கப்பட்டதால்
மற்றவரும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

முடிவுக்கோடு இருக்கும் இடம் முன்பு கடல்.
மணல் கொட்டி நிலமாக்கியிருக்கிறார்கள்.
நாங்கள் போனபோது
வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஆறு மணி பதினொரு நிமிஷம்.
பதக்கம் தீர்ந்துவிட்டதாம்.
பச்சைத் தொப்பி போட்ட பெண் வந்தாளா என்று கேட்டேன்.
நம்பர் சொல்லுங்க என்றான் மேஜைப் பையன்.

திஜானி ஒரு பாக்கெட்டை நகத்தால் கிழித்து
பாதி குடித்துவிட்டு நீட்டினார்.
வெந்நீராக இருந்தது.
பிடரியில் ஊற்றிக்கொண்டேன்.

திரும்பும் மஞ்சள் வேனில்
ஐந்து பேர் சீட்டில் ஆறாவது ஆளாக நசுங்கியபடி
இடது தோளைக் கொஞ்சம் தூக்கி வைத்துப் பார்த்தேன்.
ஒஜுவெலெக்பா வருவதற்குள்
அது தானாக இறங்கிவிட்டது.