2217

கோத்தகிரிக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் கடைசி ஹட்டி.
வெள்ளை முண்டு, வெள்ளைத் தலைப்பாகை, அதன்மேல் வெள்ளை மேகம்.
கேமராவுக்கு வெள்ளை என்றால் பயம்;
எதையும் சாம்பலாக்கினால்தான் அதற்கு நிம்மதி.
ஒரு ஸ்டாப் ஏற்றி வை என்றேன் இர்ஷாத்திடம்.
ஒன்றரை வைத்தான். அவன் சுபாவம் அது.

பேட்டரி நாலும் ஸ்வெட்டருக்குள், நெஞ்சோடு.
குளிரில் அவை சாவதில்லை, மயங்கும்;
அக்குள் சூட்டில் இருபது சதவீதம் எழுந்து வரும்.

பந்திக் கொட்டகைக்குள் நேராக நுழையக் கூடாது.
உள்ளே குழம்பின் ஆவி, வெளியே எட்டு டிகிரி,
லென்ஸ் அந்த நொடியே கண்ணை மூடிக்கொள்ளும்.
ஜிப் திறக்காமல் பையைக் கால்மணி நேரம் மூலையில் வை,
நீ போய் டீ குடி.
போன தை மாதம் பொறுக்காமல் சட்டை நுனியால் துடைத்தேன்.
அந்தக் கீறலும் என்னோடு
பதினேழு கல்யாணத்துக்கு வந்துவிட்டது.

ஆட்டம் தொடங்கியது.
இருநூற்றைம்பதில் ஒரு பங்கு நொடி,
அதற்குக் கீழே கால்கள் கரையும்.
வட்டம் சுற்ற நானும் சுற்றினேன்.
பிரமிளா மட்டும் ஒருமுறை விலகி வந்து
சரிவின் பக்கம் திரும்பி நின்றாள்.
அங்கே ஒன்றும் இல்லை, மேகம்தான்.
எடுத்தேன்.

இரவு, குன்னூர் அறை.
முதலில் இரண்டு டிஸ்க்கில் பிரதி;
ஒன்று என்னிடம் தூங்கும், மற்றது இர்ஷாத் வீட்டில்.
ஆல்பம் கைமாறும்வரை கார்டை அழிப்பதில்லை.
முதல் சுற்றில் எதையும் நேசிக்காதே, கழிக்க மட்டும் செய்.
மூவாயிரத்துச் சொச்சம் அறுநூறாகும்.
டியூப்லைட் பச்சை, பல்பு மஞ்சள், வானம் நீலம்:
ஒரு முகத்தைச் சரிசெய்தால்
மற்ற முகங்கள் பின்னால் வரும், பெரும்பாலும்.

பெண்ணின் அண்ணன் சொல்லியிருந்தார்,
"மிஸ்ட் இல்லாம வேணும் சார், வியூ தெரியணும்."
சரி, அதற்கும் ஒரு ஸ்லைடர் இருக்கிறது.

2217.
பத்துக்குத் தள்ளினேன், சில்வர் ஓக் வந்தது.
இருபத்தைந்தில் தேயிலை வரிசை.
நாற்பதில் ஓர் ஆள்.

தலைப்பாகை கட்டியிருந்தார், புதுசு, மடிப்புத் தெரிந்தது.
போர்வைக்குள் இரண்டு கையும்.
கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு
கல்யாணத்துக்கு வராதவர்.

முன்னும் பின்னும் தேடினேன்.
ஒன்பது படங்களில் நிற்கிறார், அதே இடம், அதே கால்.
2261-இல் மேகம் முழுக்க மூடுகிறது.
2304-இல் விலகும்போது மரம் மட்டும்.

யாரென்று எனக்கு எப்படித் தெரியும்?
கர்சரை அவர்மேல் வைத்ததும் மென்பொருளே கேட்டது,
நீக்கவா என்று.
நான்கு நொடி வேலை. அந்த இடத்தில் தேயிலை முளைத்துவிடும்.
ஸ்லைடரைச் சுழியத்துக்கு இழுத்து
மூடுபனியோடே அனுப்பினேன்.
அண்ணனிடம், ஒரிஜினலே அழகு சார் என்று பொய்.
பொய்யும் இல்லை.

பத்து நாள் கழித்து பிரமிளாவின் போன்.
"அந்த ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினேழு இருக்குல்ல,
நான் தனியா நிக்கறது.
அதுல மட்டும் பனிய கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா?
அண்ணனுக்கு அனுப்ப வேணாம், எனக்கு மட்டும்."

எவ்வளவு எடுக்கணும் என்றேன்,
லேப்டாப் திறந்துகொண்டே.

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

"மரம் தெரியும்ல," என்றாள்.
"அதுக்கு இன்னும் கொஞ்சம் மேல."