எடைமேடை, காஹாங்

விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
தெய்வீகனின் லோரி மேடை ஏறியது:
பத்தொன்பது டன், அறுநூற்றுச் சொச்சம்.
"குலை மட்டும் இல்லக்கா" என்றான்,
இறங்காமலே.

தார்ப்பாயைத் தூக்கினேன்.
முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளை.
மூக்கு மட்டும் இன்னும் எதையோ
முகர்வதுபோல் வளைந்து.

மலாய்க்காரர்கள் தெனுக் என்பார்கள்.
நம் பேச்சில் பெயர் கிடையாது;
செம்பனை வெட்டப் போகிறவர்கள் கண்டால்
"வேட்டி கட்டின பன்னி" என்று
சிரிப்பதோடு சரி.

புது நெடுஞ்சாலையில்
வெளிச்சம் பட்டதும் நின்றுவிட்டதாம்.
விட்டுவர மனசில்லையாம்.
ரோடு போடுகிறவர்களின் கிரேன்
தூக்கிக் கொடுத்ததாம்.
அவனுக்கும் மூன்று நடை ஓடினால்தான்
லோரித் தவணை.

பெர்ஹிலித்தான் ஆள் வர ஒன்பதாகும்.
ரசீது காத்திருக்காது.
கணினியில் கழிவுக்கு நான்கே கட்டங்கள்:
காம்பு, அழுகல், ஈரம், பழுக்காதது.

ரொபியுல் மேலேறி
அதன் வயிற்றில் கை வைத்தான்.
எடுக்கவில்லை.

கண்மதிப்பில் இருநூற்றெண்பது கிலோ.
பழுக்காதது
என்று அடித்தேன்.

பின்னால் அடுத்த லோரி
ஹாரன் அடித்தது.