சுவர் வைக்கக் கூடாது

பாஸ்போர்ட்டில் கென்ஜி ஹிராமட்ஸு.
ஆரப்பாளையத்துப் பயலுகளுக்குக் கெஞ்சி.
அந்தப் பேரை வைத்துக்கொண்டு
ஒருத்தரிடமும் கெஞ்சாத ஆள்.

நான் கோல்கீப்பர். பகலில் கப்பலூரில் லேத்.
ஏழு பேர் ஆடும் போட்டிக்கு
மேலூர் கிரஷர் முதலாளி ஒரு டீம் சேர்த்தார்.
ஜப்பானிலிருந்து ஆள் வருகிறதென்று
மாட்டுத்தாவணி முழுக்க ஃபிளெக்ஸ்.
வந்தவனுக்கு முப்பத்தொரு வயசு,
மூன்றாம் டிவிஷனே கைகழுவியவன்,
இடது முட்டியில் தண்டவாளம் மாதிரித் தையல்.
ஆறு ஆட்டம். நாலு கோல்.
ஒரு ரூபாய் வரவில்லை.

டவுன்ஹால் ரோட்டு லாட்ஜில்
டிக்கெட்டுக்குக் காசில்லாமல் கிடந்தான்.
காலையில் இட்லி, ராத்திரி பரோட்டா,
நடுவில் வைகை.

வைகை என்றதும் தண்ணீரை நினைக்க வேண்டாம்.
அழகர் இறங்கி ஏறிப் போய் ஒரு மாசம்.
பாலத்துக்கு அடியில் மணல்,
ஒற்றைச் செருப்புகள், உடைந்த முளைப்பாரிச் சட்டி.
பயலுக வெறுங்காலில் ஆடுவதைப் பார்த்தவன்
பூட்ஸைக் கழற்றி என் பைக்கில் மாட்டினான்.

விழுந்தான். எழுந்து, திரும்பவும் விழுந்தான்.
மணலில் பந்து உருளாது, செத்துப்போகும்.
பன்னிரண்டு வருஷம் உருட்டிப் பழகிய கால்
யார் வீட்டுக்கோ வந்துவிட்டதுபோல் நின்றது.
மூன்றாம் வாரம் பந்தைத் தரையிலேயே விடவில்லை.
மல்லாந்து பறந்து அவன் உதைத்தது
என் காதோரம் சூடாய்ப் போனது.
முட்டி வலிக்கவில்லை என்று
தட்டித் தட்டிக் காட்டினான்.

அப்புறம் போனில் காட்டினான்:
இதற்கென்றே கடற்கரையில் ஒரு ஆட்டம்,
பன்னிரண்டு நிமிஷம், மூன்று தடவை.
ஃபவுல் பட்டவன்தான் ஃப்ரீகிக் எடுக்கணும்.
எதிரில் ஆள் நிறுத்திச் சுவர் வைக்கக் கூடாது.
மணலைக் குவித்து மேடு கட்டி
அதன்மேல் பந்தை வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.
என் சம்பளமும்தான் நின்றிருந்தது.
நானோ ஆள் மேல் ஆள் சொல்லிவிட்டுக்கொண்டிருந்தேன்,
கவுன்சிலர், கவுன்சிலர் மச்சினன் என்று.

மறுநாள் மேலூர் பஸ்.
கேட்டில் வாட்ச்மேன் மறித்தார்.
கென்ஜி ஒன்றும் பேசவில்லை.
வாசலில் கொட்டியிருந்த எம்-சாண்டை
இரண்டு கையாலும் கூட்டினான்,
பந்தை அதன் தலையில் வைத்தான்,
நாலடி பின்னால் போய்
உதைக்காமல் நின்றான்.
எதிரே மாடியில் ஆளுயரக் கண்ணாடி.
வாட்ச்மேன் கண்ணாடியைப் பார்த்தார்,
பந்தைப் பார்த்தார்,
பைய ஒதுங்கிக்கொண்டார்.
ஒன்றே கால் மணி நேரம்.
முதலாளி தானே இறங்கி வந்து
பாதி எண்ணிக் கொடுத்தார்.
அவனுக்கு டிக்கெட் ஆயிற்று.
எனக்கு அடகு நகை திரும்பியது.

போன வருஷம் ஒரு வீடியோ வந்தது.
ஏதோ ஊர்க் கடற்கரை, நீலச் சட்டை,
மல்லாந்து பறக்கிறான், அதே உதை.
பின்னால் நிஜமான கடல்.
எனக்கென்னவோ
அது கொஞ்சம் அதிகப்படியாய்த் தெரிந்தது.

மீதிப் பாதி இன்னும் வரவில்லை.
பந்து என்னிடம்தான் இருக்கிறது.