காற்றாலை நிற்கும் நேரம்

உடுமலை சிமெண்ட் வளையத்தில்
ஒரு மணி நேரம். ஒரே கியர், பிரேக் கிடையாது.
பழைய கணக்கை யார் முறிப்பாங்க?
டீக்கடையில் நூறு ரூபாய்ப் பந்தயம்.

ஈரோட்டு அகிலனுக்குத் தொடை இருக்குதுங்க.
நாப்பதாம் நிமிஷம் தலை தூக்கிக்கும்.
அவிநாசித் தாரகை
ஓவர்லாக் மெஷினில் ஷிப்ட் முழுக்கக் குனிஞ்சவ,
முதுகு அவளைக் கேள்வி கேட்காது.
ஆனா முதல் பத்துச் சுத்து
பஸ்ஸைப் பிடிக்கிறவளாட்டம் ஓட்டுவா.

நான் சுத்து எண்ணுகிற ஆள்.
எனக்குத் தெரிஞ்சது கணவாய்க் காத்துதான்:
ஆடியில் ஒரு பக்கம் தள்ளிவிட்டு
எதிர்ப்பக்கம் கந்துவட்டியோடு
பிடுங்கிக்கும்.

விடிகாலை நாலே முக்கால்.
மேற்கே இறக்கைகள்
ஒண்ணொண்ணா நிற்குது.
தாரகை செருப்பைக் கழட்டுறா.

பென்சிலைச் சீவிக்கிறேன்.