ரோமன் உருது

எழுத்து இங்கிலீஷ், பேச்சு உருது.
பட்டாளத்தில் அப்படித்தான் எழுதுவார்களாம்.
நாற்பத்தாறு பங்குனியில் பள்ளிப்பட்டுக்கு
மூலை நனைந்து வந்து சேர்ந்த கடிதத்தை
எனக்கு வாசிக்க வரும், ஒரு சொல் விளங்காது.
மஸ்தான் சாயபுவுக்குக் கேட்டால் விளங்கும்,
இங்கிலீஷில் ஓரெழுத்து தெரியாது.
அவரை அழைத்தது நான்தான்.

புளி மண்டியில் உட்கார்ந்தோம்.
தராசுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.
சாக்கு மூட்டைமேல் ரங்கநாயகம்மா,
சுபேதார் எத்திராஜுலுவின் சம்சாரம்.
மடியில் பதக்கத்தின் தகர டப்பி.
எதற்குக் கொண்டுவந்தாள் என்று கேட்கவில்லை.

காபூல் பக்கத்து மலைச்சண்டையில் வாங்கிய பதக்கம்.
குண்டு விழ விழ நின்று பாலம் கட்டினாராம்.
ஊரில் சிரித்திருக்கிறார்கள்:
நம்ம ஆற்றில் இடுப்பளவு தண்ணியில் பிணம் போகிறது,
நாயுடு எவன் ஆற்றுக்கோ பாலம் போட்டார்.

சத்தமாக வாசித்தேன்,
வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற குரலில்.
எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல்
ஒரு மனிதனைப் பற்றிய பேச்சை
கண்ட இடத்தில் வெட்டினேன்.
சாயபு கண்ணை மூடியிருந்தார்.
'இன்னொரு தரம்' என்பார்.
குறிலை நெடிலாக்கியிருப்பேன்.
சரிபண்ணிக்கொண்டு, தெலுங்கில் அவளுக்குச் சொல்வார்.

சிங்கப்பூரில் பிடித்தார்கள்.
கப்பலின் அடித்தட்டில் பல நாள்.
பேர் தெரியாத தீவு. தென்னை உண்டு,
தேங்காயைத் தொட்டால் அடி.
சட்டை மக்கிப்போன பிறகும் சுபேதார் சாகிப்
தோள் நட்சத்திரம் இரண்டையும் கயிற்றில் கோத்துக்
கழுத்தில் போட்டிருந்தார்.
காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவார்.
எண்ணிக்கை குறைந்தால்
பேரைச் சொல்லி ஒருமுறை கூப்பிடுவார்.

இதுவரை ஒழுங்காக வந்தது.

அடுத்த வரி குட்டை.
பூக் ஸே மரே.
பூ என்றும் மரம் என்றும் என் காதில் விழுந்தது.
அந்தத் தீவில் ஏதோ ஒரு மரம் பூத்திருக்கிறது,
அதைப் பார்த்திருக்கிறார் மனிதர்.
சந்தோஷமாக, அவர் கேட்காமலே,
இரண்டாம் தரமும் வாசித்தேன்.

சாயபு கண்ணைத் திறந்தார்.
தராசுத் தட்டில் ஒட்டியிருந்த புளியை
நகத்தால் சுரண்டினார்.
பிறகு சொன்னார்: ஜுரம்.
மூணே நாள். கஷ்டப்படவில்லை.

அவள் தலையசைத்தாள்.
மிச்சக் கடிதம் ஆறு வரி, முழுக்கக் கேட்டாள்.
வாங்கி நாலாய் மடித்துப்
பதக்கத்துக்கு அடியில் வைத்து மூடினாள்.

அன்று இரவே மண்டி வாசலில் என்னிடம் சொன்னார் சாயபு,
பூக் என்றால் என்னவென்று.
பசி என்கிற சொல்லை
ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே
இரண்டு தரம் வாசித்திருக்கிறேன்.

மூன்று வருஷம் கழித்து
கம்பளி விற்க வந்த வடக்கத்தியானோடு
அவள் தெருவில் நின்று பேரம் பேசினாள்.
அவன் மொழியில். அவன் திணறும் வேகத்தில்.
பெங்களூர்ப் பட்டாள லைனில் நாலு வருஷக் குடித்தனம்,
பாலும் விறகும் குழாயடிச் சண்டையும்
அந்தப் பேச்சில்தான் என்றார் அவள் தம்பி.

நான் சைக்கிளை விட்டு இறங்கி
வெறுமனே நின்றேன்.
பிறகு செயினில் ஏதோ கோளாறு போல
குனிந்துகொண்டேன்.

அறுபதில் எல்லை நகர்ந்தது, ஊர் நகரவில்லை.
சித்தூர்க் கஜானா எங்களைக் கைகழுவியது.
பென்ஷனுக்குப் புது பாரம், இந்த முறை தமிழில்.
நிரப்பச் சொல்லி என்னிடம் வந்தாள்.
சாயபு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.
இறந்த இடம்: தெரியாது.
தேதி: தெரியாது.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

ஜுரம், என்றாள்.

எழுதினேன்.

என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,
மூணு நாள்னும் போடுங்க சார், என்றாள்.